கத்தரி படாத முடி

தலைமுடித் தொழிலில் பாராட்டு கண்ணாடி பார்க்கும்போது கிடைக்கும், திட்டு தலைக்குக் குளித்த பிறகு கிடைக்கும். நான் செய்தது அந்தத் தொழிலில் கடைசிப் படி. வீட்டிலேயே உட்காரவைத்து முடியின் நுனி மட்டும் வெட்டிவிடுவது.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் வீடு. நிலத்தில் பாதி கம்பெனிக்காரர்களுக்குப் போன பிறகு, மாட்டுக் கொட்டகை இருந்த இடத்தில் மூன்று ரூம் கட்டி வாடகைக்கு விட்டோம். இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் தெற்கத்திப் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்கு வந்தார்கள். பத்தொன்பது, இருபது வயது. முக்கால்வாசிப் பேருக்கு அடர்த்தியான சுருட்டை முடி. எங்கள் போர் தண்ணீரோ சவர்த் தண்ணீர். குழாய் மூக்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அந்தத் தண்ணீரில் குளித்து, ஈரம் காயாத முடியை எட்டு மணி நேரம் எலாஸ்டிக் வைத்த கம்பெனித் தொப்பிக்குள் திணித்து வைத்தால் என்ன ஆகும்? மூன்றே மாதத்தில் ஒவ்வொரு முடியும் நுனியில் இரண்டாகப் பிளந்து, கூட்டித் தேய்ந்த துடைப்பம் மாதிரி ஆகிவிடும். பார்லருக்குப் போவதென்றால் ஸ்ரீபெரும்புதூருக்கு பஸ் ஏற வேண்டும். வார லீவு ஒரு நாள், அது துணி துவைக்கவே போதாது. நானோ வாலாஜாபாத்தில் மூன்று மாத பியூட்டிஷியன் கோர்ஸ் படித்து, சர்டிபிகேட்டை பிரேம் போட்டு மாட்டியிருந்தேன். அவ்வளவுதான், ஹவுஸ் ஓனரக்காவாக இருந்தவள் நுனி வெட்டுகிற அக்காவாகிவிட்டேன்.

வீட்டிலேயே முடி வெட்டிக் கெடுத்துக்கொண்டவர்கள், அடுத்தவர் முடியை வெட்டிக் கெடுத்தவர்கள் என்று இரண்டு கட்சிக்காரர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உங்களிடம் சொல்ல என்ன வெட்கம். மூன்றாவது ரூமில் இருந்த இசக்கியம்மாளின் முடிக்கு நான் செய்ததைச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். அதை நேரே சொல்ல வாய் வரவில்லை. சிரிக்கக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஈரத்தில் அளந்த நீளம்

கோர்ஸில் சொல்லிக்கொடுத்த டீச்சருக்குக் கோடு போட்ட மாதிரி நேர் முடி. நாங்கள் பழகிய பொம்மைத் தலைக்கும் அப்படியே. முடியை நனை, சீவு, இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பிடி, வெட்டு. மொத்தப் பாடமும் இதுதான். என் கையில் முதலில் சிக்கியவள் உசிலம்பட்டி மலர்விழி. நனைத்து இழுத்தால் இடுப்புக்கு வந்தது. நுனியில் இரண்டு விரல் வெட்டினேன். இந்தப் பக்கம் சரியாக இருந்தால் அந்தப் பக்கம் கோணல், அந்தப் பக்கத்தைச் சரி பண்ணினால் இந்தப் பக்கம் கோணல். குரங்கு அப்பம் பங்கு போட்ட கதைதான். முடித்தபோது தரையில் ஒரு சாண் முடி கிடந்தது.

ஈரத்தில் அழகாகத்தான் இருந்தது. சுருட்டை முடிக்கு ஈரத்தில் ஒரு நீளம், காய்ந்தால் வேறு நீளம் என்று அந்த டீச்சர் சொல்லவே இல்லை. அது மட்டுமில்லை, ஒவ்வொரு சுருளும் தன் இஷ்டத்துக்குச் சுருங்கும். மத்தியானம் வெயிலில் காய்ந்ததும் மலரின் முடி இடது பக்கம் தோளுக்குக் கீழே நின்றது, வலது பக்கம் தோளுக்கு மேலே ஏறிவிட்டது. அன்றைக்குப் பட்ட சூட்டில்தான் ஒன்று கற்றுக்கொண்டேன். சுருட்டை முடியைக் காய்ந்தபடியே வெட்ட வேண்டும். விரல் கனத்துக்குப் பிரித்தெடுத்து, கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கினால், பிளந்த நுனிகள் மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதை மட்டும் கிள்ளிவிட்டால் போதும். ஆனால் அது மலருக்குப் பிறகு வந்தவர்களுக்குக் கிடைத்த யோகம். மலர் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யக்கா, வெடிச்ச நுனியத்தான வெட்டச் சொன்னேன். நீங்க என்னத்த வெட்டுனீங்கன்னு நீங்களே சொல்லுங்க."

எல்லாம் வெட்டும் கத்தரி

என்னிடம் இருந்தது ஒரு தையல் கத்தரிக்கோல். ஜாக்கெட் துணி, பால் பாக்கெட், சாக்குப் பையின் வாய் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். முடிக்கும் அதுவே. வெட்டும்போது கறக் கறக்கென்று சத்தம் வரும். நன்றாக வெட்டுகிறது, அதனால்தான் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன். நுனி வெட்டிக்கொண்டு போனவர்கள் மூன்று வாரத்தில் மறுபடி வெடித்துவிட்டது என்று திரும்பி வந்தார்கள். தண்ணீர் சரியில்லை என்று நானும் சொன்னேன், அவர்களும் நம்பினார்கள். இசக்கியம்மாள் நாலு தடவை வந்தாள். சாத்தான்குளம் பக்கத்துப் பெண். முடி என்றால் அப்படி ஒரு முடி, பிரித்துவிட்டால் முதுகு தெரியாது. அவள் வர வர எனக்குப் பெருமை. என் கைக்குத்தான் வருகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு ஒரு நாள் சைக்கிளில் வந்த சாணைக்காரரிடம் அந்தக் கத்தரியைக் கொடுத்துத் தீட்டி, முடிக்கு மட்டும் என்று தனித் துணியில் சுற்றி வைத்தேன். அதுவும் நானாகச் செய்யவில்லை. எதிர்வீட்டில் தைக்கிற சாரதா ஒரு நாள் நான் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தரியை என் கையிலிருந்து வாங்கி, தன் தலையில் ஒரு முடியைப் பிடுங்கி அதில் கொடுத்தாள். முடி அறுபடாமல் மடங்கி, நசுங்கி, அதற்கப்புறம்தான் துண்டானது. வெளிச்சத்தில் காட்டினாள். நுனி அப்போதே பிளந்திருந்தது. மாதக்கணக்கில் நான் வைத்தியம் பார்த்த வியாதி என் கத்தரியிலிருந்துதான் வந்திருக்கிறது. உட்கார்ந்திருந்த பெண் முன்னாலேயே சாரதா சொன்னாள்.

"நீ இன்னா, முடிய வெட்டினுகீறேன்னா நெனச்சினுகீற? மென்னு துப்பினுகீற."

செந்தூருக்கு நேர்ந்தது

தீட்டிய கத்தரியால் இசக்கியின் நுனியை ஒரு தடவை ஒழுங்காக வெட்டிவிட வேண்டும், என் பழைய பாவத்தைக் கழுவிவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள், ஆனால் உட்காரவில்லை. நிலைப்படியில் சாய்ந்தபடியே சொன்னாள். ஊரில் அவளுடைய அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. தை கடைசியில் ஆபரேஷன். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. அம்மாவும் மகளும்தான் ஒருவருக்கொருவர். அம்மா நல்லபடியாக எழுந்து நடந்துவிட்டால் திருச்செந்தூரில் தலைமுடி முழுவதையும் இறக்குவதாக வேண்டிக்கொண்டுவிட்டாள்.

அவர்கள் வீட்டு வழக்கப்படி, நேர்ந்த நாளிலிருந்து இறக்குகிற நாள் வரை அந்த முடியில் கத்தி, கத்தரி எதுவும் படக் கூடாது. தானாக உதிர்ந்தால் குற்றமில்லை, ஆனால் அதையும் தூர எறியக் கூடாது. சீப்பில் வருகிற முடியைச் சுருட்டி ஒரு காலிப் பவுடர் டப்பாவில் போட்டு வைத்தாள், மொத்தத்தோடு சேர்த்துக் கொடுப்பதற்காக. வெறும் நுனிதானே, அதுவும் செத்துப்போன நுனி, சாமி அதையெல்லாமா பார்க்கும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவள் கோபப்படவில்லை.

"சாமிக்கு அளந்து குடுக்கக் கூடாதுக்கா. எங்கம்மைய எனக்கு முழுசாத் தரணும்னா, நானும் முழுசாத்தான குடுக்கணும்."

தொப்பிக்குள் பட்டு

வெட்டக் கூடாது என்றால் வெடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதில் இறங்கினேன். பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே போவது, முரட்டுத் துண்டால் துவட்டாமல் பழைய காட்டன் பனியனால் ஒற்றி எடுப்பது, நுனிக்கு மட்டும் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய், கடைசிச் சொம்புக்கு மழைத்தண்ணீர் பிடித்து வைப்பது, ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி நாடா. எல்லாம் செய்தும் தொப்பி கெடுத்தது. அந்த எலாஸ்டிக் நெற்றியோரத்திலும் பிடரியிலும் உரசி உரசி முடியை அறுத்தது. யோசித்து, என் கல்யாணப் பட்டு ஜாக்கெட்டைப் பிரித்து, அந்தத் துணியைத் தொப்பியின் உள்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது. எங்கள் மூன்று ரூமிலும் ஆளுக்கொரு பட்டுத் துண்டு கேட்டு நின்றார்கள்.

ஆனால் அவர்கள் செய்தது எலக்ட்ரானிக்ஸ் சாமான். பட்டு உரசினால் கரண்டு சேரும், அந்தக் கரண்டு விரல் வழியாக இறங்கினால் போர்டு போய்விடும் என்பது எனக்கு எங்கே தெரியும்? இசக்கிக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிரெயினிங்கில் சொல்லியிருப்பார்கள். முடி மேல் இருந்த கவலையில் அவளுக்கும் மறந்துவிட்டது. கம்பெனியில் பட்டுத் துணியை அங்கேயே பிரித்து வாங்கிக்கொண்டு, இனி செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கினார்களாம். முதலில் கண்டுபிடித்தது கேட்டில் செக் பண்ணுகிற அம்மா. சிவப்புப் பட்டையும் ஜரிகையையும் பார்த்துவிட்டு அந்த அம்மா கேட்டதை இசக்கி அப்படியே நடித்துக் காட்டினாள்.

"இன்னாம்மா இது, வெளிய கம்பெனி கேப்பு, உள்ள கல்யாணமா?"

கோழி வாட்டுகிற வாடை

இனி சிரிக்க ஒன்றும் இல்லை. பட்டு போன பிறகு முடி பழையபடி ஆகிவிட்டது, பழையதைவிட மோசமாகவும் ஆனது. பிளந்த நுனி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சிக்கு விழும். சிக்கை இழுத்தால் இன்னும் உயரத்தில் பிளக்கும். சுருட்டை முடிக்காரிகளுக்கு இது தெரியும். ஆபரேஷனுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிறு காலையில் என்னிடம் சிக்கெடுத்துக்கொள்ள உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க ஓ.டி. பார்த்திருந்தாள், ஊருக்குப் போக லீவு சேர்க்க. எண்ணெய் தொட்டு வைத்ததும் என் முழங்காலில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள்.

கையில் கத்தரி எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். சீப்பு எடுக்கத்தான் துணியைப் பிரித்தேன், இரண்டும் ஒன்றாகச் சுற்றியிருந்தன. பிடரியில் ஒரு முடிச்சு. பார்த்தால் தெரிகிறது, எல்லாம் இதே கத்தரி தீட்டுவதற்கு முன்னால் நசுக்கிய நுனிகள். நான் கெடுத்ததை நான் சரி பண்ணுகிறேன், இதில் என்ன தப்பு என்று தோன்றியது. ஒன்றே ஒன்று என்று ஆரம்பித்தேன். முறுக்கிப் பிடித்து, துருத்திய நுனியை மட்டும் கிள்ளினேன். தீட்டிய கத்தரி சத்தமே போடவில்லை. அரை மணி நேரத்தில் தலை முழுக்க முடித்துவிட்டேன். ஒரு துண்டும் அரிசி நீளத்துக்கு மேல் இருக்காது, ஆனால் சேர்த்து அள்ளினால் உள்ளங்கை நிறைந்தது. அவள் பவுடர் டப்பா பக்கத்திலேயே இருந்தது. அதில் போடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. காகிதத்தில் மடித்து விறகடுப்பில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முடி எரிந்தால் வாடை வரும் என்பது முடித் தொழில் செய்கிறவளுக்கு மறந்துபோனது. மூக்கைச் சுருக்கிக்கொண்டு எழுந்தாள். என்ன கருகுகிறது என்று கேட்டாள். பக்கத்து வீட்டில் கோழி வாட்டுகிறார்கள் என்றேன். தலையைச் சீவிப் பார்த்தாள். சீப்பு எங்கும் நிற்காமல் இறங்கியது. எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். எண்ணெய் கேட்டுவிட்டது, உங்கள் கைராசி என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஞாயித்துக்கெழமைன்னா இந்த ஊரே கோழி வாட்டும் போலருக்கே."

ஒற்றை முடி

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் பண்ணினாள். பதினோராம் நாள் அம்மா இறந்துபோனார். டாக்டர்கள் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, உடம்பில் தெம்பு இல்லை என்றார்கள். காரியம் முடிந்து, ரூமைக் காலி பண்ண இசக்கி வந்தாள். வந்த ஆள் பெட்டி கட்டுவதற்கு முன்னால் என் எதிரில் உட்கார்ந்து முடியை அவிழ்த்துவிட்டாள். இனி யாருக்குக் கொடுக்க இதை வைத்திருக்க, அளவாக வெட்டிவிடுங்கள் என்றாள். வெட்டினேன். காய்ந்த முடியில், கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, எந்த அவசரமும் இல்லாமல். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் யாருக்கும் வெட்டியதில்லை. இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் எனக்குச் சொல்ல வாய்ப்பாகத்தான் இருந்தது.

பாதி வெட்டும்போது அவளே பேசினாள். பட்டைப் பிரித்து வாங்கிய மறு வாரம், லைனில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு முடி தொப்பி எலாஸ்டிக்கில் மாட்டிக்கொண்டதாம். தலையைத் திருப்ப முடியவில்லை, பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, சூப்பர்வைசர் பார்க்கிறார். கையுறையோடு வெடுக்கென்று இழுத்திருக்கிறாள். முடி அறுந்துவிட்டது. தானாக உதிரவில்லை, அவள் அறுத்தது. டப்பாவில் போடலாம் என்று ஷிப்ட் முடிந்து தரையில் தேடியிருக்கிறாள், கூட்டிவிட்டார்கள். "முழுசாத் தாரேன்னு சொல்லிட்டு ஒண்ணக் கொறச்சிட்டேன்லாக்கா. அதான் அம்மையக் கொண்டுட்டுப் போயிட்டான்" என்றாள். அழவில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

சாமி முடியை எண்ணும் என்று நான் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. ஆனால் அங்கே கேள்வி என் நம்பிக்கை பற்றியது இல்லையே. நீ அறுத்தது ஒன்று, நான் வெட்டியது ஒரு கைப்பிடி, குறை வந்தது என்றால் என்னால்தான் வந்தது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்த ஒற்றை முடி அவள் தலையை விட்டு இறங்கியிருக்கும். சொன்னால் அவள் மனது இன்னும் உடையும் என்று அன்றைக்கு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். அவள் என்னை வெறுத்துவிடுவாள் என்ற பயம்தான். வாயைத் திறந்தேன். திறந்து, காபி போடட்டுமா என்று கேட்டேன்.

குடித்தாள். பவுடர் டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டாள், எங்காவது கால் படாத இடத்தில் போட்டுவிடச் சொல்லி. அது இன்னும் என் பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. வெளியே ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. பெட்டியை ஏற்றிவிட்டு, மறுபடி இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க கடைசி வரைக்கும் கத்தரிய வைக்காம எம்முடியக் காத்துக் குடுத்தியக்கா. நாந்தான் ஒத்த முடிக்குப் பொறுக்காம கெடுத்துட்டேன்."

கத்தரி மழுங்கினால் தீட்டித் தர சாணைக்காரர் தெருவுக்கே சைக்கிளில் வந்துவிடுகிறார், இந்த வாய்க்குத்தான் இத்தனை வருடமாகியும் ஒருத்தரும் வந்த பாடில்லை.